வந்த தேதி இல்லாத மீன்: ஆரியசாலைக்கு அருகே ஒரு தென்னமெரிக்கக் குடியேறி

திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்து தங்குவோரின் வரலாறு பெரும்பாலும் துலக்கமானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். நவராத்திரிதோறும் வேளிமலைக் குமாரசுவாமி இங்குள்ள தேவி கோயிலில் எழுந்தருளுகிறார். ஆனால் அண்மைக்காலத்தில் இப்பகுதியின் நீர்வழிகளுக்கு வந்த ஒரு குடியேறிக்கு வருகைக் குறிப்பே கிடையாது.

ஆரியசாலையின் ஒருபுறம் கிள்ளியாறு. வடக்கே தம்பானூர் வழியாக ஓடுவது ஆமையிழஞ்சான் தோடு. 'இழயுக' என்னும் மலையாள வினை ஊர்தலைக் குறிக்கும். ஆமை ஊர்ந்த ஓடை என்று பெயர் பெற்ற அந்நீர்வழி, நகரம் பெருகப் பெருகக் கழிவு வாய்க்காலாயிற்று. அதில்தான் தென்னமெரிக்கக் கவசக் கெளிறு குடியேறியது. கடைக்காரர்கள் 'சக்கர் மீன்' என்பார்கள். பேரினப் பெயர் டெரிகோப்ளிக்திஸ். 1858இல் தியோடோர் கில் இட்ட பெயர் அது. கண்ணாடித் தொட்டியின் பாசியைச் சுரண்டித் தின்னும் என்பதற்காக விரலளவுக் குஞ்சாக வாங்கப்படும் இம்மீன், சில ஆண்டுகளில் ஒன்றரை அடியை எட்டும். தொட்டி போதாமற்போகும்போது ஒரு வாளி, அருகிலுள்ள ஓடை: குடியேற்றம் முடிந்துவிடுகிறது. துறைமுகப் பதிவோ அரசாணையோ இல்லாத இறக்குமதி இது.

ஆகவே ஆய்வாளருக்குக் கிடைப்பவை கண்டறியப்பட்ட ஆண்டுகளே, வந்த ஆண்டுகள் அல்ல. 2009இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த ஒரு குறிப்பு, கேரள நீர்நிலைகளில் வளர்ப்பு மீன்கள் படையெடுப்பதைச் சுட்டியது. 2015இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் அ. பிஜுகுமார் முதலியோர், ஆமையிழஞ்சான் தோட்டில் இம்மீன் நிலைபெற்றுவிட்டதைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டனர். நிலைபெற்ற ஓர் இனம் அதற்கு முன்பே பல தலைமுறைகள் கண்டிருக்கும்; அந்தத் தலைமுறைகளுக்குச் சான்று ஏதுமில்லை. இனத்தை அடையாளங்காண்பதும் எளிதன்று. இப்பேரினத்து இனங்கள் குடியேறிய இடங்களில் கலந்து பெருகுவதால், வயிற்றுப் புள்ளிகளை வைத்துப் பிரித்தறியும் பழைய முறை தடுமாறுகிறது.

சாக்கடையில் எப்படிப் பிழைக்கிறது? நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். இரத்தக் குழாய்கள் நிறைந்த இரைப்பைச் சுவர் அதை உறிஞ்சும். இதை மட்டும் காரணமாகச் சொல்லும் பொதுக் கட்டுரைகள் ஒன்றை மறந்துவிடுகின்றன: நம் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும்கூடக் காற்றைச் சுவாசிப்பவையே. வேறுபாடு மற்றவற்றில் இருக்கிறது. எலும்புத் தகடுகளும் விறைத்த துடுப்பு முட்களும் இதை விழுங்கக் கடினமான இரையாக்குகின்றன. கரையைக் குடைந்த வளையில் முட்டைகளை ஆண் மீன் காக்கிறது. உணவோ, நகரம் நாள்தோறும் கொட்டும் கழிவில் படியும் வண்டலும் பாசியும். கரை சரிவதும் வலை கிழிவதும் பிறகு மனிதர் பொறுப்பில் சேரும் செலவுகள்.

அதே வண்டலையும் குப்பையையும் அகற்றத்தான் 2024 ஜூலை 13 அன்று தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் செல்லும் தோட்டுப் பகுதியில் ஒரு தொழிலாளி இறங்கினார். மழைவெள்ளம் அவரை இழுத்துச் சென்றது. மூன்றாம் நாள் தகரப்பறம்பு அருகே உடல் கிடைத்தது.