முகாமின் மூத்த பிள்ளைகள்

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே உள்ள ஊர். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மரபு சொல்லும். 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றும் பலருக்கு இங்குள்ள ஆதி அண்ணாமலையார் கோயில் தெரியும். இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இதே ஊரில் இருப்பது தெரியாது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. கடல் கடந்து வந்த இளையோர் அவற்றில் காலூன்றியதில் அரசுக்குப் பங்கு உண்டு. அன்றாடம் கைகொடுத்தவர்களோ, சில ஆண்டுகள் முன்னால் வந்து சேர்ந்த அண்ணன்மாரும் அக்காமாரும்தான்.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகள் படகேறி ராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் அலை. 1996-லும் 2006-லும் அடுத்தடுத்த அலைகள். மொத்தத்தில் 3 லட்சம் பேருக்கு மேல் வந்தனர். மண்டபம் முகாமில் பதிவு முடிந்த குடும்பங்கள் மாவட்டவாரியாகப் பிரித்து அனுப்பப்பட்டன. மன்னார்க்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் திருகோணமலைக்காரர், அதற்கு அடுத்து, முந்தைய கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த மலையகத் தமிழர் என ஒரே வரிசையில் அறிமுகமில்லாதவர்கள் குடியேறினர்.

மொழி ஒன்றுதான் என்றாலும் பள்ளிக்கூடம் வேறாக இருந்தது. இலங்கையில் ஓ.எல்., ஏ.எல். தேர்வுகளுக்கென்று படித்து வந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாற வேண்டும். பலருடைய சான்றிதழ்கள் வீட்டோடு போய்விட்டன. எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், எந்தத் தாளில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், தங்கள் இலங்கைப் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிரித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அரசாணை சொல்லித் தராது. போன வருடம் அதே வாசலில் நின்ற பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

இந்தத் துணைக்கு ஓர் அமைப்பு வடிவம் 1984-ல் கிடைத்தது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைப் பெரும்பாலும் அகதிகளே நடத்தினர். படித்த இளைஞர்கள் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். கல்லூரிக்குப் போன ஒருவர் அடுத்தவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். தொழிற்கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு அரசு இடம் ஒதுக்கியிருந்த காலம் அது.

1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் நிலைமை தலைகீழானது. யாரோ செய்த கொலைக்குப் பள்ளிப் பிள்ளைகளும் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள். கல்லூரி இடங்கள் நின்றன, முகாம்களில் கண்காணிப்பு இறுகியது, தொண்டு அமைப்புகள் உள்ளே வரத் தடை வந்தது. 1992 முதல் பல்லாயிரம் பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கியவர்களுக்கு அந்த ஆண்டுகளில் வெளியுதவி குறைந்தது. பத்துக்குப் பத்து அடி வீடுகளில், பெரியவர்கள் சின்னவர்களுக்குப் பாடம் சொன்னதுதான் படிப்பின் தொடர்ச்சியைக் காத்தது. கல்லூரி வாய்ப்பு பிற்பாடு திரும்பியபோது அதைப் பற்றிக்கொள்ள மாணவர்கள் இருந்தார்கள் என்றால், இந்த வகுப்புகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

படிப்பைப் போலவே பிழைப்பும் கைமாறியது. முகாம் இளைஞர்களின் தொழில் என்றாலே பெயிண்ட் வேலைதான். ஒருவர் மேஸ்திரியிடம் சேர்ந்து, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போவார். பட்டி பார்க்கவும் சாரத்தில் ஏறவும் வேலையிடத்திலேயே பழக்குவார். மாலைக்குள் முகாம் திரும்பியாக வேண்டிய கட்டுப்பாடு இருந்ததால், எந்த ஊர் வேலைக்குப் போகலாம் என்ற கணக்கும் இந்தப் பயிற்சியில் அடங்கியது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 317 கோடி ரூபாயில் புது வீடுகள் உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. குடியுரிமை மட்டும் எட்டவில்லை: 2019-ன் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை, 1987 ஜூலை 1-க்குப் பின் இங்கே பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், பிறப்பாலும் அது வராது. அரசு வேலைக்கு அது கட்டாயம் என்பதால், பட்டம் வாங்கியவர்களில் பலர் அண்ணன்மார் காட்டிய பெயிண்ட் வேலைக்கே திரும்புகிறார்கள்.