பத்துப் பேர் இல்லாமல் மூடிய ஜெப ஆலயம்

பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை நாகூர் சாலை. பெயரைக் கேட்டதுமே நமக்கு நாகப்பட்டினத்துப் பக்கத்து நாகூர் நினைவுக்கு வரும். அந்தச் சாலையின் 28ஆம் எண் கட்டடத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் இருந்தது என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

1929இல் திறந்த அந்த ஆலயம் 1976இல் மூடப்பட்டது. யாரும் இடிக்கவில்லை. ஆள் போதவில்லை, அவ்வளவுதான்.

யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். ஒன்பது பேர் வந்தால் தனித்தனியே ஜெபிக்கலாம். ஆனால் தோரா சுருளை விரித்துச் சபையாக வாசிக்க முடியாது. இறந்தவருக்காகச் சொல்லும் 'கதீஷ்' பிரார்த்தனையும் கிடையாது. பணம் இல்லாவிட்டால் கடன் வாங்கலாம், பத்தாவது ஆளை எங்கே போய் வாங்குவது?

பினாங்கு யூதர்களில் பலர் பாக்தாத் பக்கத்திலிருந்து வணிகத்துக்காக வந்தவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியபோது பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். போர் முடிந்தும் பெரும்பாலோர் திரும்பவில்லை. இருந்தவர்களும் காலப்போக்கில் ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று கிளம்பினார்கள்.

நம் பக்கத்துக் கேரளத்திலும் இதே கதைதான். அங்கே மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஆலயத்தைத்தான் எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். மாளா, சேந்தமங்கலம், பரவூர் போன்ற சிற்றூர்களிலும் ஆலயங்கள் உண்டு. மாளா யூதர்கள் 1955இல் இஸ்ரேலுக்குப் புறப்படும் முன் ஆலயத்தையும் கல்லறை நிலத்தையும் உள்ளூர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். காப்பாற்றித் தாருங்கள் என்பதுதான் ஒப்பந்தம். பின்னாளில் அந்தக் கல்லறை நிலத்திலேயே விளையாட்டு அரங்கம் என்று திட்டம் வந்து, பெரிய சர்ச்சையானது. ஊரே கிளம்பிப் போய்விட்டால் ஒப்பந்தத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பினாங்கில் எஞ்சியிருப்பதும் கல்லறைதான். பர்மா சாலையிலிருந்து பிரியும் 'யஹூதி சாலை' பிற்காலத்தில் ஜாலான் சைனால் அபிடின் ஆகிவிட்டது. யூதர் என்ற சொல் தெருப்பலகையிலிருந்து போயிற்று. மதிலுக்குள் இருப்பவர்கள் போகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சமாதிகள் உள்ளன. அவற்றில் மிகப் பழையது 1835ஆம் ஆண்டினது. ஆலயம் மூடி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல், பினாங்கின் கடைசி யூதர் என்று சொல்லப்பட்ட டேவிட் மோர்டெகாயும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.