ஒரு கூரை, பல அடுப்பு

எங்கள் அப்பச்சி 2005-இல் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போன ஒரு கோப்பு இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் எந்த அறை எந்தப் புள்ளிக்கு, யாரை எந்த வருடம் வேறு வைத்தார்கள் என்ற பட்டியல். இப்போது பங்காளிகள் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். பட்டியல் வேண்டும். ஆனால் அதைத் திறக்கும் பழைய தமிழ் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும்.

புது மதர்போர்டு போட்ட என் கம்ப்யூட்டரில் மெய்நிகர் இயந்திர மென்பொருளை நிறுவினேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஏற்பாடு அது. அதற்குள் எக்ஸ்பியை ஏற்றிவிடலாம். இயக்கியதும் பிழைச்செய்தி வந்தது. இரண்டு முறை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். அதே செய்திதான்.

"என்னய்யா, ராத்திரி பூரா அதோட மல்லுக்கட்டுற?" என்றாள் அப்பத்தா. விளக்கினேன். "ஒரே வீடு, அவுகவுகளுக்குத் தனி அடுப்பு. நம்ம ஊருக்கு இது புதுசா?"

புதிதில்லைதான். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். கூரை ஒன்று, அறை, சமையல், வரவு செலவு தனி. அந்தத் தம்பதி ஒரு புள்ளி.

1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் பொறியாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுவே. சிபி-40 என்ற அவர்களுடைய அமைப்பு ஒரே பெரிய கணினியைப் பல பயனர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தனக்கே என்ற நினைப்பு. 1972-இல் அதன் வழிவந்த விஎம்/370 விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது.

1974-இல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். பொதுச்சொத்தில் கைவைக்கும் எந்தக் கட்டளையும் மேற்பார்வை மென்பொருளுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது. நம் வீட்டு மொழியில் சொன்னால், பொதுக் களஞ்சியத்தை யார் திறந்தாலும் பெரியவர் காதுக்கு வந்தாக வேண்டும்.

நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 சில்லுகள் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பென்டியத்தில் 17 கட்டளைகள் சத்தமில்லாமல் நழுவிவிடும் என்று 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 1999-இல், விஎம்வேர் நிறுவனம் ஒரு குறுக்குவழியோடு வந்திருந்தது: நழுவக்கூடிய கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதுவது. பிறகு சில்லிலேயே அந்த வசதி வந்தது. 2005-இல் இன்டெலின் விடி-எக்ஸ், 2006-இல் ஏஎம்டியின் எஸ்விஎம்.

வசதி வந்த சூட்டோடு பயமும் வந்தது. 2006-இல் ஜோவானா ருட்கோவ்ஸ்கா என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இதே வசதியை வைத்து இயங்குதளத்துக்கு அடியிலேயே ஒரு திருட்டு மேற்பார்வையாளரை நுழைக்க முடியும் என்று செய்து காட்டினார். வீட்டுக்காரருக்கே தெரியாமல் வீட்டுக்கு ஒரு புதுப் பெரியவர்! பல மதர்போர்டுகளில் இந்த வசதி அணைத்தபடியே வந்தது. என் போர்டிலும் அப்படித்தான்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். கோளாறு மென்பொருளில் இல்லை, விண்டோஸிலும் இல்லை. அதற்கும் கீழே இருக்கிறது. நூறு முறை நிறுவினாலும் தீராது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில், செயலிப் பக்கத்தில், மெய்நிகராக்கம் அணைந்திருப்பதாகவே போட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. கணினியை மறுபடி தொடங்கி, டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போனேன். செயலிக்கான அமைப்புகளில் எஸ்விஎம் மோடு இருந்தது. இயக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். (இன்டெல் போர்டு என்றால் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் வெர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருக்கும். அதன்பிறகும் மக்கர் செய்தால், விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.)

எக்ஸ்பி எழுந்தது. கோப்பு திறந்தது. பங்காளிகளுக்கு அனுப்புவதற்கு முன் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வளவு முடிந்து பின்கட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"என் அடுப்பு எதுன்னு எழுதியிருக்கானா, பாரு."

எழுதியிருந்தார்.