இரண்டு தளங்களும் இரண்டு கண்களும்

சிறுவர்கள் ஆடிய கிரிக்கெட்டுக்கு ஒரு தடவை நான் அம்பயராக நின்றேன். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஓடி வந்த பையனின் மட்டை எங்கே இருந்தது என்று கவனிக்கவில்லை. ஆனாலும் விரலை உயர்த்திவிட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அமெரிக்கர்களின் பேஸ்பாலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அம்பயரிடமே போய் நின்றுவிடுகிறது.

அந்த ஆட்டத்தில் 'டபிள் பிளே' என்று ஒன்று உண்டு. தரையில் உருண்டு வரும் பந்தை ஒருவர் பிடித்து இரண்டாவது தளத்துக்கு எறிகிறார். அங்கே ஓடி வருகிறவர் அவுட். உடனே பந்து 90 அடி தள்ளியுள்ள முதல் தளத்துக்குப் பறக்கிறது, அடித்தவரும் அவுட். எல்லாம் நாலைந்து வினாடிச் சமாசாரம்.

1876ல் நேஷனல் லீக் தொடங்கியபோது இவ்வளவையும் பார்க்க ஒரே அம்பயர்தான். அவர் பந்தைப் பார்த்த சமயத்தில், தளத்தைத் தொடாமலே குறுக்கு வழியில் ஓடிய சாமர்த்தியசாலிகளின் கதைகள் உண்டு. பிறகு இருவரானார்கள். இருவர் மட்டும் நிற்கும் ஆட்டங்களில், உள்ளே நிற்கும் அம்பயர் முதல் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே திரும்பி இரண்டு மூன்று எட்டு வைக்க வேண்டும். பந்து சேருமுன் நின்றுவிடவும் வேண்டும். ஓடுகிறவன் கண்ணுக்கு எல்லாமே குலுங்கும் அல்லவா? கிட்டப் போவதைவிடக் கோணம் முக்கியம். தளத்தில் படும் காலைக் கண் பார்க்கும். கையுறையில் விழும் பந்தைக் காது கேட்கும்.

1952ல் பெரிய லீக்குகளில் நால்வர் வந்தார்கள். அப்போதும் ஒரு பொய் மிஞ்சியது. இரண்டாவது தளத்தில் பந்தை வாங்குகிறவர், சறுக்கி வருகிறவர் மோதுவாரே என்று சற்று முன்பே காலை எடுத்துவிடுவார். அம்பயர் கண்டும் காணாமல் 'அவுட்' என்பார். கால் முறியக் கூடாதே என்ற கருணை! 2014ல் காமிராவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் முறை விரிவானபோதும் இந்தச் சலுகையை விட்டுவைத்தார்கள்.

2015 அக்டோபர் 10ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் சேஸ் அட்லி மோதியதில் ரூபன் தெஹாடாவின் கால் எலும்பு முறிந்தது. அம்பயர் அட்லியை அவுட் என்றார். எறிந்த பந்து சரியாக வராததால் சலுகை பொருந்தாது என்று காமிராவைப் பார்த்தார்கள். தெஹாடாவின் கால் தளத்தில் படவில்லை. முறிந்தவர் வெளியே போனார். மோதியவர் ஆட்டத்தில் நின்றார். காமிரா பொய் சொல்லவில்லை, நியாயம் சொன்னதா?

2016ல் சட்டம் மாறியது. சறுக்குகிறவர் தளத்தை நாடித்தான் சறுக்க வேண்டும். காலைக் காக்கச் சட்டம் வந்தபின் கருணைப் பொய்க்கு வேலையில்லை. அந்த ஆண்டே அதுவும் காமிராவின் பார்வைக்கு உட்பட்டது.

என் பொய்யில் கருணைகூட இல்லை. 'பார்க்கவில்லை' என்று சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான்.