சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

1780களின் கடைசியில் ஆங்கிலேயக் கம்பெனி சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் போட்டது. பூவுக்கோ பழத்துக்கோ போட்ட தோட்டம் அல்ல. வரிசை வரிசையாகச் சப்பாத்திக்கள்ளி! அதற்கு வேலி, காவல், கணக்குப் புத்தகம், மேற்பார்வைக்கு ஒரு மருத்துவர். இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ளங்கையளவு தொட்டியில் கள்ளி வாங்கிச் செல்கிறவர்களுக்கு, நூறு ரூபாய்ச் செடியின் பின்னால் இப்படியொரு அரசாங்கக் கதை இருப்பது தெரிய வாய்ப்பில்லை.

தோட்டம் போட்டவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவர். அவர் தேடியது கள்ளியை அல்ல, கள்ளியை உறிஞ்சி வாழும் ‘கொச்சினீல்’ பூச்சியை. அதை நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். ஐரோப்பியப் படை அதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கும் பிரபுக்களின் அங்கிக்கும் அந்தச் சாயம்தான் வேண்டியிருந்தது. வியாபாரமோ மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் கையில். அதை உடைக்க நினைத்த ஆண்டர்சன், லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து கள்ளி வந்தது. அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பராமரித்தார்.

செடி தயார், பூச்சியைக் காணோம்! 1795இல் கேப்டன் நீல்சன் என்ற படை அதிகாரி ரியோ டி ஜெனிரோவிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவில் கொண்டுவந்து இறக்கினார். பிறகுதான் தெரிந்தது, அது மெக்சிகோவின் வளர்ப்பு இனம் அல்ல, மட்டமான சாயம் தரும் காட்டு இனம் என்று. சிவப்புச் சாயக் கனவு அத்தோடு மங்கியது.

கள்ளி மட்டும் தங்கிவிட்டது. தங்கியது என்றால் சாதாரணமாக அல்ல. வெட்டிப்போட்ட மடல் விழுந்த இடத்திலேயே வேர் விடும்; பழம் தின்ற பறவை விதையைப் பத்து இடத்தில் போடும். மேய்ச்சல் தரை, ஏரிக்கரை, தோப்பு என்று மாகாணம் முழுக்கப் பரவியது. பஞ்சக் காலத்தில் முள்ளைத் தீயில் வாட்டி மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கோ அந்தப் பழம் விருந்து. மண்ணில் புரட்டிச் சுணையைத் தேய்த்து, பிளந்து, நடுவிலிருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்றால் நாக்கும் உதடும் சிவந்துபோகும்.

கள்ளி தமிழருக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டின் பாலை நிலத்தில், கள்ளிக்காய் வெடிக்கும் ஓசை கேட்டுப் புறாக்கள் இணை பிரிந்து பறக்கும். ஆனால் அது கிள்ளினால் பால் வடியும் நம்மூர்க் கள்ளி. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்த வகை. சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தவை. இரண்டு கூட்டமும் இங்கே செய்த வேலை ஒன்றுதான்: வேலி.

லேசான வேலி அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பாண்டிச்சேரியைச் சுற்றிக் கற்றாழையும் முட்செடிகளும் பனையும் கலந்த தடித்த வேலி ஒரு கோட்டை போலவே இருந்தது. 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை முதலில் அந்த வேலியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஊர் விழுந்தது 1761 ஜனவரியில். பின்னால் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன், 1850இல் இந்திய வேலிச் செடிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியபோது, அம்பத்தூர், ஆவடி நிலங்களின் வழியாகத்தான் தண்டவாளம் போனது. மாடு குறுக்கே வராமலிருக்க ரயில்வேக்காரர்கள் பாதையோரங்களில் நட்டவற்றுள் ஆனைக்கற்றாழை முக்கியமானது.

சப்பாத்திக்கள்ளி எப்படி அடங்கியது? மட்டம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பூச்சிதான் உதவிக்கு வந்தது. வட இந்தியாவில் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்ததைப் பார்த்தவர்கள், 1830களில் தென்னிந்தியாவுக்கும் 1860களில் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டுபோனார்கள். பூச்சியை விட்டுக் களையை அழிக்கும் முறைக்கு உலகிலேயே முதல் உதாரணங்களாக இவற்றைச் சொல்கிறார்கள். மஞ்சள் பூப் பூக்கும் இன்னொரு இனத்தை மட்டும் அது தொடவில்லை. அதற்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு காய்ந்து சரிந்தது. ஆஸ்திரேலியாவில் இதே வேலையைச் செய்த ஓர் அந்துப்பூச்சிக்கு, நன்றியோடு நினைவு மண்டபமே கட்டினார்கள். நம்மூர்ப் பூச்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனாலும் அது ஒழிந்துவிடவில்லை. கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், குங்குமக் குழம்பு போல ஒட்டும்.

இந்தச் செடிகள் இவ்வளவு குறைந்த தண்ணீரில் எப்படி வாழ்கின்றன என்பதற்கான முதல் தடயங்களில் ஒன்றும் சென்னைக் கம்பெனி ஆள் ஒருவரிடமிருந்தே கிடைத்தது. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று நாம் சொல்வோமே, அதே இலை. காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்று இருந்தது, மாலையில் லேசாகக் கசந்தது. 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் இது அச்சானது. இலை தன் துளைகளை இரவில் திறந்து காற்றை வாங்கி, அமிலமாகச் சேர்த்து, பகலில் மூடிக்கொண்டு செலவழிக்கிறது. அதனால்தான் வெயிலில் நீர் ஆவியாகிப் போவதில்லை. இது முழுமையாக விளங்க இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. ஒரு நாக்கு கண்டுபிடித்ததை ஆய்வுக்கூடங்கள் உறுதிசெய்ய இத்தனை காலம்!

சென்னையின் மேற்குப் புறநகரில் வேலிக் காலம் முடிந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை, 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. நிலம் மனையானது, வேலி காம்பவுண்டுச் சுவரானது. கள்ளிக்கு வாசலில் இடமில்லாமல் போயிற்று. திருஷ்டிக்காக நிலைப்படியில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மட்டும் தப்பியது. மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும் அதைவிடப் பராமரிப்பு குறைந்த செடி எந்த நர்சரியிலும் கிடையாது.

இப்போது அதே கூட்டத்துச் செடிகள் ‘சக்குலென்ட்’ என்ற பெயரில் மாடிக்கும் பால்கனிக்கும் திரும்பியிருக்கின்றன. கடற்காற்று தாமதமாக எட்டும் இந்தப் பக்கத்து வெயிலை அவை தாங்கும். தாங்காதது வடகிழக்குப் பருவமழை. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழையில் நனைந்துகொண்டே இருக்கும் தொட்டியில் வேர் அழுகுவதற்கு ஒரு வாரம் போதும். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எனவே மணல் பாதி, செம்மண்ணும் செங்கல் துண்டும் மீதி என்று நிரப்பி, அடியில் நீர் வடியும் ஓட்டையைச் சரிபார்த்து, ஐப்பசி பிறப்பதற்குள் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். அப்படியே இன்னொன்றும்: கழித்த சப்பாத்திக்கள்ளி மடல்களை அம்பத்தூர் ஏரிக்கரையிலோ செம்பரம்பாக்கம் பக்கத்துப் புறம்போக்கிலோ கொட்டிவிட்டு வராதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.