பழைய லாண்ட் றோவரும் வலுச்சுக்கானும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வாகனங்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பரிவலு எத்துணை, வேகம் எத்துணை, ஒரு கலன் எண்ணெயில் ஓடும் தூரம் எத்துணை என்பனவே ஆசிரியர்களின் கவனத்தை ஈர்த்துள்ளன. அவ்வாகனங்களைத் திருப்பிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பாதையற்ற நிலத்தில் ஓடுவதற்கென ஆக்கப்பட்ட ஜீப், லாண்ட் றோவர் முதலிய வாகனங்களைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. சேற்றிலும் கல்லிலும் அவற்றைச் செலுத்துவதற்கு எஞ்சினின் வலு எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவு சாரதியின் தோள்வலுவும் வேண்டியிருந்தது.

பேச்சு வழக்கிற் பவர் ஸ்ரியறிங் எனப்படும் வலுச்சுக்கான், ஓடும் மோட்டார் வண்டியொன்றில் 1926ஆம் ஆண்டிலேயே செய்து காட்டப்பட்டது. லாண்ட் றோவர் தொழிற்சாலை தன் பயன்பாட்டு வாகனத்தில் அதனைப் பெறக்கூடிய வாய்ப்பை அளித்தது 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வன் ரென்’ வகையிலேயே. இடைப்பட்ட காலம் ஐம்பத்தேழு ஆண்டுகள். 1948 முதல் 1985 வரை வெளிவந்த ‘சீரிஸ்’ வகை லாண்ட் றோவர்களை வைத்திருப்போர் இன்று தம் செலவிலேயே, பட்டறைகளில் இரும்பை வெட்டியும் ஒட்டியும், இவ்வசதியைச் சேர்த்துக்கொள்கின்றனர். அறிந்திருந்த ஒரு தொழில்நுட்பம் ஏன் இவ்வளவு காலம் பிந்தியது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

முதலிற் சுக்கானின் இயல்பை நோக்குதல் வேண்டும். சாரதி வளையத்திற் கொடுக்கும் விசையைச் சுக்கான் பெட்டியிலுள்ள புரியும் நெம்பும் பன்மடங்காக்கி முன்சில்லுகளுக்குச் செலுத்துகின்றன. இதில் இலவசமாகக் கிடைப்பது எதுவுமில்லை. விசையைக் குறைக்க வேண்டுமாயின் வளையத்தைக் கூடுதலான சுற்றுகள் சுற்ற வேண்டும். சுற்றுகளைக் குறைத்தால் விசை கூடும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கையிற் சில்லு உருண்டு கொடுக்கும். நிற்கையிலோ டயர் தரையோடு உரசியே திரும்ப வேண்டும். அகன்ற டயரும், முன்னச்சின் மேல் அமரும் கனத்த எஞ்சினும் இவ்வுரசலைப் பெருக்கும். முன்சில்லுகளுக்கும் எஞ்சின் வலு செலுத்தப்படுமிடத்து இறுகிய தரையில் திருப்புதல் மேலும் கடினமாகும். பெட்டியின் பல்விகிதத்தை மாற்றி இதனை ஓரளவுக்கே சமாளிக்கலாம். அவ்வெல்லைக்கு அப்பால் வெளியிலிருந்து வலுவைக் கொண்டுவருவதே வழி.

அவ்வழியைக் கண்டவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். பியர்ஸ் அறோ நிறுவனத்தின் லொறிப் பிரிவிற் பணியாற்றியவர் அவர். கனத்த லொறிகளைத் திருப்பச் சாரதிகள் படும் பாட்டை அருகிலிருந்து கண்டவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. வேலையை விட்டு விலகி, மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்து, ஜோர்ஜ் ஜெசப் என்னும் கருவிவினைஞரின் துணையோடு அவர் ஆய்வில் இறங்கினார். எண்ணெயின் அமுக்கத்தைக் கொண்டு இயந்திரங்களை இயக்குதல் அக்காலத்திலும் புதிதன்று. ஆயின் அமுக்கிய எண்ணெயைத் தேக்கிவைத்து வேண்டும்போது திறந்துவிடுவதே பொதுவான முறையாயிருந்தது. இடைவிடாத உயர் அமுக்கத்தில் மூட்டுகள் கசிந்தன. டேவிஸ் இம்முறையைத் தலைகீழாக்கினார். பம்பி ஓயாது எண்ணெயைச் சுழலவிடும். வால்வு எப்பொழுதும் திறந்தே இருக்கும். ஆகவே வண்டி நேரே செல்லுகையில் அமுக்கம் மிகக் குறைவு. சாரதி வளையத்தைத் திருப்பியவுடன் வால்வு ஒரு பக்கம் ஒடுங்கும். அப்போது மட்டுமே அமுக்கம் எழுந்து ஆடுதண்டைத் தள்ளும். கையின் முயற்சி எவ்வளவோ அதற்கேற்ற அளவே உதவியும் கிடைத்தது. பிற்காலத்தில் உலகெங்கும் ஓடிய நீரியல் வலுச்சுக்கான்களின் அடிப்படை இத்திறந்த வால்வுதான்.

1926ஆம் ஆண்டு டேவிஸ் தமது பியர்ஸ் அறோ வண்டியில் இதனைப் பொருத்தி டிற்றோயிற் நகருக்குச் சென்று காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பின்னர் வந்தது பொருளாதாரப் பெருமந்தம். விலை உயர்ந்த கார்களின் விற்பனை சுருங்கிய அக்காலத்தில், இதற்கான கருவிகளை அமைக்கும் செலவைச் சொற்ப எண்ணிக்கையான வண்டிகளிலிருந்து மீட்க முடியாதெனக் கணக்கிட்டு, முப்பதுகளின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. டேவிஸ் 1936ஆம் ஆண்டிற் பென்டிக்ஸ் நிறுவனத்தை நாடினார். கண்டுபிடிப்பிலே குறையிருக்கவில்லை; கணக்கிலேதான் அது தோற்றது.

இரண்டாம் உலகப்போர் அக்கணக்கை மாற்றியது. ஆனால் மாற்றிய விதமே நம் பொருளுக்கு முக்கியமானது. பிரித்தானியப் படைகளுக்கென ஐக்கிய அமெரிக்காவிற் செவ்ரோலே பிரிவு 1942ஆம் ஆண்டிலிருந்து ஆக்கிய ‘ஸ்ரக்ஹவுண்ட்’ என்னும் கவசவண்டி ஏறத்தாழப் பதினான்கு தொன் நிறையுடையது. அதற்கு வலுச்சுக்கான் கொடுக்கப்பட்டது. அதே போரில், அதே நாட்டில், வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளை ஆக்கின. அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. ஜீப் ஏறத்தாழ ஒரு தொன் நிறையே உடையது. அதன் டயரும் ஒடுங்கியது. மனிதக் கையால் இயலவே இயலாத இடத்தில் எண்ணெயின் உதவி வந்தது. எப்படியாவது இயலும் என்ற இடத்திற் கையே போதும் என விடப்பட்டது. போர்க்காலத்தில் இம்முடிவைக் குறைகூற முடியாது. ஆனால் போர் முடிந்தபின்னும் நெடுங்காலம் இதுவே விதியாக நின்றுவிட்டது என்பதே என் கருத்து.

லாண்ட் றோவர் அந்த ஜீப்பின் வழிவந்ததாகும். றோவர் நிறுவனத்தின் மொறிஸ் வில்க்ஸ் ஆங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையிற் போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். 1947ஆம் ஆண்டில் உருவான முதல் மாதிரிவண்டி ஜீப்பின் அடிச்சட்டகத்தின் மேலேயே அமைந்தது. அதன் சுக்கான் வண்டியின் நடுவில் இருந்தது. இடப்பக்கச் சுக்கான், வலப்பக்கச் சுக்கான் என இருவகை வண்டிகளை ஆக்கும் செலவைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். அவ்வமைப்புக் கைவிடப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஏப்பிரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த வண்டியில் அதற்குப் பதிலாக ஒரு விசித்திரமான தொடர் காணப்பட்டது. சுக்கான் பெட்டியிலிருந்து ஒரு நெடுங்கோல் முன்னே செல்லும். முன் குறுக்குச் சட்டத்தினுள் நிலைக்குத்தாக நிற்கும் ‘றிலே’ என்னும் உருளையை அது திருப்பும். அதிலிருந்து ஒரு குறுக்குக்கோல் சில்லுக்குச் செல்லும். இரு சில்லுகளையும் இன்னொரு கோல் பிணைக்கும். மொத்தம் ஆறு பந்து மூட்டுகள். றிலேயினுள் வலிய சுருள்வில் ஒன்று கூம்புகளை அழுத்திப் பிடித்து, வேண்டுமென்றே உராய்வை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

உராய்வை ஏன் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும்? சில்லு ஒரு கல்லில் மோதினால் அவ்வதிர்ச்சி கோல்களின் வழியே திரும்பி வந்து வளையத்தைச் சடுதியிற் சுழற்றிவிடும். அதனைத் தணிக்கவே இவ்வேற்பாடு. எனினும் அது முற்றாகத் தணியாது. பழைய ஜீப்பையும் லாண்ட் றோவரையும் ஓட்டப் பழக்குவோர் முதற் பாடமாகச் சொல்வது, பெருவிரலை வளையத்தின் உட்புறம் விடாதே என்பதாகும். உள்ளே விட்டவரின் விரலை ஆரக்கால் முறித்துவிடும். இப்பாடம் இன்றும் சொல்லப்படுகிறது. பலர் காரணம் அறியாமலே கடைப்பிடிக்கின்றனர். வாகனமொன்றின் குறைபாடு மனிதனின் கைப்பழக்கமாகப் படிந்துவிட்டமைக்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

1951ஆம் ஆண்டிற் கிறைஸ்லர் நிறுவனம், காலாவதியாகிவிட்ட டேவிஸின் காப்புரிமைகளை அடிப்படையாகக் கொண்டு, தன் இம்பீரியல் காரில் வலுச்சுக்கானைப் பொருத்தி விற்றது. மறுவருடம் கடிலாக் கார்களும் அதனைப் பெற்றன. இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. வழுவழுப்பான தெருவில் உல்லாசமாகச் செல்பவருக்கு இவ்வசதி முதலிற் கிடைத்தது. சேற்றிலே பகல் முழுவதும் உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை. நிறை மட்டுமே இதற்குக் காரணம் என்பது முழு விளக்கமாகாது. இம்பீரியல் காரை வாங்கியவர் தாமே அதனை ஓட்டினார். லாண்ட் றோவரையோ படைகளும் அரசாங்கத் திணைக்களங்களும் தோட்டக் கம்பனிகளும் தொகையாக வாங்கின. வாங்க ஒப்பமிட்ட கை வேறு, வளையத்தைத் திருப்பிய கை வேறு. நம் மலைநாட்டுத் தோட்டங்களின் வளைவுகளிலே லாண்ட் றோவரைத் திருப்பிய சாரதிகளின் தோள்நோவு எந்தக் கம்பனியின் கணக்கேட்டிலும் செலவாகப் பதியப்படவில்லை. தம் நிலத்தில் தாமே ஓட்டிய விவசாயிகளும் இவ்வண்டியை வாங்கினர் என்பது உண்மை. விலை குறைவாயிருப்பதையே அவர்களும் பெரிதாக மதித்தனர். ஆகவே இவ்விளக்கம் முழு உண்மையன்று, ஆனால் புறக்கணிக்கத்தக்கதுமன்று.

மாற்றம் எழுபதுகளில் வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஜீப் ‘சீஜே-5’ வண்டிகள் 1972ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய றொஸ் வகைப் பெட்டி நீக்கப்பட்டுச் சாகினோ பெட்டி இடம்பெற்றது. விரும்பியோர் மேலதிக விலைக்கு வலுச்சுக்கானையும் பெறலாமென்றாயிற்று. பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டு வலுச்சுக்கான் இன்றி வெளிவந்த ரேஞ்ச் றோவர் 1973ஆம் ஆண்டளவில் அதனைப் பெற்றது. வாரநாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் மலைக்கும் தாமே ஓட்டிச் செல்லும் உரிமையாளர் கூட்டம் ஒன்று இதற்குள் தோன்றிவிட்டது.

பழைய வண்டிகளிற் பின்னர் வலுச்சுக்கானைச் சேர்க்கும் வழக்கம் இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது. உடைத்து விற்கப்படும் ரேஞ்ச் றோவர்களிலிருந்து பெட்டி கிடைத்தது. அமெரிக்காவிற் சாகினோ பெட்டிகள் பழைய கார்கள் குவிந்த முற்றங்களில் மலிந்து கிடந்தன. பெட்டி கிடைத்துவிட்டாற் போதுமா? சீரிஸ் வண்டியில் முதலில் றிலேயை நீக்க வேண்டும். பல்லாண்டுத் துருவினால் அது சட்டத்தோடு ஒன்றிப்போயிருக்கும். அடித்துக் கழற்றுகையில் உள்ளிருக்கும் வில் கூம்புகளைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறிந்துவிடும். சாக்கினாற் போர்த்திக்கொண்டே அனுபவமுள்ளோர் அதனைப் பிரிப்பர். அடுத்து, இரண்டேகால் லீற்றர் எஞ்சினில் பம்பி அமர்வதற்கு இடமே வகுக்கப்படவில்லை. சுழற்றண்டிற்கு இன்னொரு கப்பியும் பம்பிக்கு ஒரு தாங்கியும் செய்ய வேண்டும். டிஸ்கவரி வண்டியின் டீசல் எஞ்சினை மாற்றிப் பொருத்தியவர்களுக்குப் பம்பியும் அதனோடு கூடவே கிடைத்தது. பழைய சுக்கான் தண்டு பெட்டியோடு ஒன்றாயிருப்பதால் புதிய தண்டும் இணைமூட்டுகளும் வேண்டும். புதிய பெட்டி அமரும் இடத்திற் சட்டகத்தை வெட்டித் தகடு வைத்து ஒட்ட வேண்டும். குறுக்குக்கோலின் சரிவு பிசகினால், வில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் வண்டி தானாகவே பக்கம் சாயும். கை அசையாதிருக்கவே சில்லு திரும்பிவிடும்.

இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. முன்னர் சில்லைத் திருப்பும் விசைக்கு மனிதத் தோளே எல்லையாயிருந்தது. சில்லு கல்லிடுக்கில் அகப்பட்டாற் கை தளர்ந்துவிடும், இரும்பு தப்பிவிடும். ஒரு சதுர அங்குலத்திற்கு ஆயிரம் இறாத்தலுக்கு மேல் அமுக்கம் தரும் பம்பிக்கு அத்தகைய தளர்ச்சியில்லை. சில்லு அசையாவிடில் பெட்டியே தன்னைத் தாங்கும் சட்டகத்தைப் பிடுங்க முயலும். ஜீப் வண்டிகளிற் பெட்டி பொருத்தப்பட்ட இடத்தைச் சுற்றிச் சட்டகம் வெடிப்பது நன்கறியப்பட்ட ஒன்று. அதனைத் தடுக்கக் குறுக்குத் தாங்கிகள் செய்து விற்கப்படுகின்றன. மலைச்சரிவில் எஞ்சின் நின்றுவிடுமாயின் உதவியும் நின்றுவிடும். அப்போது குறைந்த சுற்றுகளுக்கென அமைந்த புதிய பெட்டி, கழற்றி எறிந்த பழைய பெட்டியினும் கடினமாகவே திரும்பும்.

1988ஆம் ஆண்டில் யப்பானிய சுசுகி சேர்வோ காரோடு சந்தைக்கு வந்த மின்சார வலுச்சுக்கான், பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு வழியைத் திறந்தது. சிறு கார் ஒன்றின் மின்மோட்டாரோடு கூடிய சுக்கான் தண்டை எடுத்து, பழைய தண்டின் நடுவே செருகுகின்றனர். ஓப்பல் கோர்சா காரின் தண்டு இதற்குப் பெயர்போனது. பம்பியுமில்லை, எண்ணெயுமில்லை, சட்டகத்தை வெட்டுவதுமில்லை, விரும்பினாற் கழற்றிவிட்டு வண்டியைத் தொழிற்சாலையில் இருந்த நிலைக்கே கொண்டுவரலாம். பழமையைப் பேண விரும்புவோர் இதனை வரவேற்றதில் வியப்பில்லை. ஆயினும் மின்மோட்டார் தண்டின் மேற்பகுதியிலேயே உதவுகிறது. அதற்குக் கீழேயுள்ள பழைய பெட்டி, துருவேறிய றிலே, தேய்ந்த ஆறு பந்து மூட்டுகள் ஆகிய அனைத்தும் மோட்டாரின் விசையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவற்றின் இறுக்கத்தைச் சாரதி முன்னர் தன் தோளினால் அறிந்தார். மோட்டார் பொருத்தப்பட்ட பின் அது அவருக்குத் தெரிவதில்லை. ஆதலால் இவ்வேலையைத் திறம்படச் செய்வோர் மோட்டாரைத் தொடுமுன் முன்னச்சைத் தூக்கி நிறுத்தி, மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்கின்றனர்.