தலைமன்னார்த் தீடைகள்: உல்லாசப் பயணத்துக்கு முந்திய வரலாறு

நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடகோடிக்குப் பனிக்காலத்தில் செல்வோருக்கு அங்குள்ள சுற்றுலா நிறுவனங்கள் ஒரு சிறுபயணத்தை ஏற்பாடு செய்து கொடுக்கின்றன. குளிர் தாங்கும் தடித்த அங்கியையும் தலைக்கவசத்தையும் அணிவித்து, பனியின்மேல் ஓடும் ஸ்னோமொபைல் என்ற ஊர்தியில் ஏற்றி, ஒரு வழிகாட்டியின் பின்னால் வரிசையாக அழைத்துச் செல்வர். ஓரிரு மணி நேரத்தில் எல்லோரும் சூடான அறைக்குத் திரும்பிவிடுவர். முன்னே செல்பவரின் தடத்தை விட்டு விலகக்கூடாது என்பதே அப்பயணத்தின் முதல் விதி. உறைந்த ஏரியின் எந்தப் பகுதி பாரம் தாங்கும், எது தாங்காது என்பதை அறிந்தவர் வழிகாட்டி ஒருவரே.

பனியையே கண்டிராத மன்னார்த் தீவிலும் இதற்கு ஒப்பான ஒரு பயணம் உண்டு. தலைமன்னார்க் கரையில் படகேறி, ஆதாமின் பாலம் என்றும் இராமர் அணை என்றும் வழங்கும் மணற்தொடரின் முதல் திட்டுகளைப் பார்த்துத் திரும்பும் பயணமே அது. மணற்திட்டைத் ‘தீடை’ என்பது மன்னார் வழக்கு. அங்கும் வழிகாட்டியின், அதாவது படகோட்டியின், கண்ணை நம்பியே போகவேண்டும். அங்கும் கால்வைக்கும் தரை நிலையான தரையன்று. அங்கும் அரைநாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இவ்விரு பயணங்களுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்று உல்லாசமாகச் சென்றுவரும் அந்த வழிகள், வீடிழந்து புறப்பட்ட மனிதரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை.

முதலில் வடதுருவப் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவைச் சேர்ந்த ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்பவரின் நிறுவனம் 1959 இல் சந்தைக்குக் கொண்டுவந்த சிறிய பனி ஊர்தி, சில ஆண்டுகளில் பின்லாந்தின் வடபகுதியிலுள்ள ஸ்கோல்ட் சாமி மக்களைச் சென்றடைந்தது. இவர்கள் கலைமான் வளர்ப்போர். இவர்களுடைய பூர்வீக நிலமான பெட்சாமோ 1944 இல் சோவியத் ஒன்றியத்தின் வசமானபோது இடம்பெயர்ந்து, 1949 இல் செவெத்தியார்வி என்ற இடத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். கலைமான் பூட்டிய சறுக்குவண்டியில் பல நாள் சென்ற தூரத்தைப் புதிய ஊர்தி ஒரே நாளில் கடக்க வைத்தது. ஆனால் ஊர்தியும் எரிபொருளும் வாங்க வசதியுள்ள குடும்பங்கள் மந்தைகளைத் தக்கவைத்துக்கொள்ள, வசதியற்றவை தொழிலிலிருந்தே வெளியேற நேர்ந்தது. மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973 இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்றில் இம்மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆக, சுற்றுலாப் பயணி ஒரு மணி நேரம் ஓட்டி மகிழும் அந்த ஊர்தி, ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வைப் புரட்டிப்போட்ட ஊர்தியுமாகும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்கின் மீன்பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழ் அகதிகள் பலர், இந்த ஊர்திகள் ஓடும் பனிவெளியைத் தங்கள் வீட்டு வாசலிலேயே கண்டவர்கள். பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் ஒஸ்லோ முதலிய தென்பகுதி நகரங்களுக்கு நகர்ந்துவிட்டனர். நாடு விட்டுச் சென்ற ஈழத்தமிழர் எல்லோரும் ஒரே வழியாகச் செல்லவில்லை. விமானமேறியோர் ஒருசாரார். அதற்கு வசதியற்றோர் பலருக்கு முதல் வழியாக அமைந்தது தலைமன்னார்க் கடல்.

அந்தக் கடலின் இயல்பை அறிந்தாலன்றி அதன் வரலாறு விளங்காது. தலைமன்னார் முனைக்கும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே பத்துக்கு மேற்பட்ட தீடைகள் சங்கிலிபோல் கிடக்கின்றன. இத்தனை என்று அறுதியாகச் சொல்வது கடினம். சோளகக் காற்று ஒரு பக்கம் மணலைத் தள்ளும். வாடைக்காற்று மறுபக்கம் தள்ளும். சென்ற ஆண்டு இரண்டாக இருந்தது இவ்வாண்டு ஒன்றாகிவிடக்கூடும். இடையிலுள்ள நீர் சில இடங்களில் இடுப்பளவுதான்; சில இடங்களில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். பெரிய கப்பல்கள் இவ்வழியே செல்ல இயலாது. அதற்காகக் கால்வாய் வெட்ட 2005 இல் இந்தியா தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் இடையில் நின்றுபோயிற்று. 1974 இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கடல் எல்லைக்கோடும் இத்தொடரை ஊடறுத்தே செல்கிறது. ஒரு பகுதித் தீடைகள் இந்தியாவுக்கு, மற்றவை இலங்கைக்கு.

இக்கடலைப் பெருந்தொகையாகக் கடந்தோரில் முதலில் நினைக்கவேண்டியவர்கள் மலையகத் தமிழரின் முன்னோர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்டோர், இராமநாதபுரக் கரையிலிருந்து பாய்வள்ளங்களில் மன்னார்ப் பகுதியில் வந்திறங்கினர். அவர்களுடைய வழிகாட்டி கங்காணி. கரையிலிருந்து மாத்தளை வரை நூறு மைல்களுக்கு மேல் காட்டு வழியே நடந்தனர். குடிநீர்ப் பஞ்சமும் வாந்திபேதியும் மலேரியாவும் அவ்வழியெங்கும் உயிர்களைக் குடித்தன. இறந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டு மற்றவர்கள் நடந்தனர். அவர்கள் உழைப்பில் விளைந்த கோப்பிக்கு ஏற்றுமதிக் கணக்கு உண்டு. வழியில் இறந்தவர்களுக்கு முழுமையான கணக்கு இல்லை.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு நிலைமை மாறியது. சென்னை எழும்பூரில் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்து, மீண்டும் புகையிரதத்தில் கொழும்புக்குச் செல்லலாம். ‘போட் மெயில்’ என்று இரு நாட்டவரும் அழைத்த சேவை இதுவே. கடற்பகுதியைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமே பிடித்தது. இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர் பழைய தலைமுறையினருக்கு இன்றும் நினைவிருக்கும். வணிகர், யாத்திரிகர், மாணவர், நாடகக் குழுவினர், அரசியல் தலைவர் எனப் பலதரப்பட்டோரும் சென்றுவந்தனர். தோட்டத் தொழிலாளருக்கோ மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலும் பரிசோதனையும் காத்திருந்தன. ஒரே கடல்வழியில் இருவகைப் பயணிகள் என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் புகையிரதம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாயிற்று. வட இலங்கையும் அப்புயலுக்குத் தப்பவில்லை. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்திருந்தது. அவர்களுடைய கருத்தை எவரும் கேட்கவில்லை. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்து, தமிழகத்தை ஒருநாளும் கண்டிராத குடும்பங்கள், மலையகத்திலிருந்து புகையிரதத்தில் தலைமன்னாருக்கு வந்து ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறின. பிரிவுத் துயரில் மேடையெங்கும் எழுந்த அழுகுரலால் அப்புகையிரதத்துக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. பாட்டனார் நடந்துவந்த வழியின் முகப்பிலேயே பேரன் கப்பலேற்றப்பட்டான்.

1983 ஜூலைக் கலவரத்தின் பின் போர் மூண்டது. 1984 இல் கப்பல் சேவை நின்றது. ஆனால் கடலைக் கடப்பது நிற்கவில்லை. கப்பலின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் பிடித்தன. மீன்பிடிக்கென வந்த அந்த இயந்திரமே, இரவோடிரவாக அகதிகளைக் கடத்திச்செல்லும் கருவியாயிற்று. விளக்கின்றி, விண்மீனையும் நீரின் நிறத்தையும் பார்த்துத் தீடைகளுக்கிடையே வழிகண்ட படகோட்டிகள் ஆயிரக்கணக்கானோரைக் கரைசேர்த்தனர். அவர்களுள் நல்லவரும் இருந்தனர், பணத்துக்காக எதையும் செய்வோரும் இருந்தனர்.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தபோது இக்கடல் நிரம்பி வழிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களும் படகுகளில் தெற்கே கற்பிட்டிக் கரைக்குச் செல்ல நேர்ந்தது. தீவின் ஒரு பக்கத்தில் வடமேற்கு நோக்கித் தமிழ் அகதிகள். மறுபக்கத்தில் தெற்கு நோக்கி முஸ்லிம் அகதிகள். மன்னாரின் கதையைச் சொல்பவர் எவரும் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அக்காலத்தில் செய்தி அறைகளில் இருந்தோருக்குப் பழகிப்போன ஒரு தலைப்பு உண்டு: ‘மணற்திட்டில் தவித்த அகதிகள் மீட்பு’. இந்தியக் கடற்படையிடம் அகப்பட அஞ்சிய படகோட்டிகள் சிலர், கரை வந்துவிட்டது என்று சொல்லி இருட்டில் ஏதேனும் ஒரு தீடையில் பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். விடிந்த பின்னரே நாற்புறமும் கடல் என்பது தெரியவரும். மரமோ நிழலோ குடிநீரோ கிடையாது. ஏதேனும் மீன்பிடிப் படகோ கடற்படைக் கலமோ கண்டுகொள்ளும்வரை குழந்தைகளுடன் காத்திருக்க வேண்டும். மீட்கப்பட்டோர் செய்தியானார்கள். மீட்கப்படாதோரின் செய்தி பலவேளைகளில் வரவேயில்லை.

போர் 2009 இல் முடிந்தது. ஆனால் 2022 இல் பொருளாதாரம் சரிந்து, அரிசிக்கும் பால்மாவுக்கும் மக்கள் அல்லாடியபோது அதே வழி மீண்டும் திறந்தது. அவ்வாண்டு மார்ச் 22ஆம் திகதி, அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள தீடை ஒன்றில் இறக்கிவிடப்பட்ட ஆறு பேரை, கைக்குழந்தை ஒன்று உட்பட, இந்தியக் கடலோரக் காவற்படையினர் மீட்டனர். அவர்கள் அதற்குப் பயன்படுத்திய கலம் ஹோவர்கிராப்ட். காற்று மெத்தையின்மேல் மிதந்து, நீரிலும் மணலிலும் ஒன்றுபோல ஓடுவது அது. பனிவெளிக்கு ஸ்னோமொபைல் எப்படியோ, இந்த ஆழங்குறைந்த கடலுக்கு அது அப்படி. சில மாதங்களின் பின் தனுஷ்கோடிக் கரையில் மயங்கிய நிலையில் காணப்பட்ட முதிய தம்பதியரில் மூதாட்டி மருத்துவமனையில் உயிரிழந்தார்.

இந்த வரலாற்றை முன்வைப்பது இன்றைய சுற்றுலாவைக் குறைகூறுவதற்காக அன்று. போரால் நலிந்த ஒரு தீவில் படகோட்டிக்கும் சிறு விடுதி நடத்துவோருக்கும் நாலு காசு கிடைப்பது வரவேற்கத்தக்கதே. 2015 இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை மீண்டும் திறக்கப்பட்ட பின் வருவோர் தொகையும் கூடியிருக்கிறது. கேள்வி, அவர்களை எப்படி அழைத்துச் செல்வது, அவர்களுக்கு என்ன சொல்வது என்பதே.

அழைத்துச் செல்லும் முறைக்கு வடநாடுகளில் ஒரு முன்மாதிரி உண்டு. நோர்வேயில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொழுதுபோக்குக்காக நினைத்த இடத்தில் ஸ்னோமொபைல் ஓட்ட முடியாது. குறித்து ஒதுக்கப்பட்ட தடங்களிலேயே ஓட்டவேண்டும். நம் தீடைகளும் 2015 இல் ஆதாமின் பாலம் கடல்சார் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆலாப் பறவைகள் அங்கே வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. முட்டைக்கும் மணலுக்கும் நிறவேறுபாடு அதிகமில்லை. அறியாது வைத்த கால் ஒரு கூட்டையே அழித்துவிடும். வடதுருவத்துக்கும் மன்னாருக்கும் மெய்யான உறவு பறவைகளால் ஆனது என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். மன்னாரில் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று 2021 இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள யமால் தீபகற்பம்வரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எந்தத் தீடையில், எந்த மாதத்தில் கால்வைக்கலாம் என்பதற்கு எழுதப்பட்ட ஒழுங்கும், அதைப் பயின்ற உள்ளூர் வழிகாட்டிகளும் தேவை.

சொல்லவேண்டியதைப் பொறுத்தவரை, இன்று அங்கு செல்லும் பயணிக்குப் பெரும்பாலும் கிடைப்பது இராமாயணக் கதை. நம்பிக்கையுள்ளோருக்கு அது புனிதமான கதை; அதைச் சொல்வதில் தவறில்லை. அதனோடு, நடந்து வந்தவர்களின் கதையும் கப்பலேற்றப்பட்டவர்களின் கதையும் இருட்டில் இறக்கிவிடப்பட்டவர்களின் கதையும் சொல்லப்படவேண்டும். தலைமன்னாரின் படகோட்டிகள் பலருக்கு இது கேள்விப்பட்ட செய்தியன்று. அவர்களுடைய தந்தையர் கண்ட காட்சி. அவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அந்த வாய்மொழிச் சாட்சியங்களைப் பதிவு செய்துவிட வேண்டும். பழைய இறங்குதுறையருகே மூன்று மொழிகளிலும் எழுதிய ஓர் அறிவிப்புப் பலகையையேனும் நாட்டவேண்டும். மன்னார் மாவட்ட நிருவாகமும் பாடசாலைகளும் மனம்வைத்தால் ஓராண்டில் முடியக்கூடிய வேலை இது. வெளிநாடுகளிலுள்ள மன்னார் அன்பர்கள், தாம் கடல் கடந்த கதையை இரண்டு பக்கமேனும் எழுதி அனுப்பினாலும் போதும், அதிலிருந்தே தொடங்கலாம்.